பத்துக் குண்டே பசுமைக்குடில்: மொத்த நர்சரிக்கு ஒப்பந்தத்தில் வளர்ப்பதா, சொந்தமாக வளர்த்து விற்பதா?

பெங்களூரை ஒட்டிய அத்திபெலே, ஆனேக்கல், சர்ஜாபுரா பக்கம் அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ வைத்திருப்பவர்களிடம் மொத்த நர்சரிக்காரர்கள் பேசும் பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான். "இடம், தண்ணீர், ஆள் உங்களுடையவை. நாற்று, தொட்டி, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) எங்களுடையவை. வளர்த்துக் கொடுங்கள், செடிக்கு இவ்வளவு என்று எண்ணித் தந்துவிடுகிறோம். விற்கிற கவலை உங்களுக்கு வேண்டாம்." அந்தக் கடைசி வாக்கியம்தான் பலரை இழுக்கிறது. ஒசூர், கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கமிருந்து வந்து பெங்களூரில் நிலைத்துவிட்ட நம் குடும்பங்களில் பணி ஓய்வு பெற்றவர்களும், ஐ.டி. வேலை போதும் என்று நினைக்கும் இளைஞர்களும் இந்த அழைப்போடு என்னைத் தேடி வருகிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா, இல்லை அதே முதலைப் போட்டுச் சொந்தமாகவே வளர்த்து விற்கலாமா என்று கேட்கிறார்கள்.

ஆனேக்கல் வட்டத்தில் பசுமைக்குடில் நடத்துகிறவன் நான். காய்கறி நாற்று விட்டிருக்கிறேன். அலங்காரச் செடிகளை ஒப்பந்தத்துக்கு வளர்க்கிறேன். ஒரு மூலையில் சொந்தச் சரக்கும் வைத்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்திலேயே தங்கி வேலை பார்க்கிறவருக்கு ஒப்பந்தம் நல்ல தொடக்கம். ஆனால் குடில் முழுவதையும் அதற்கே கொடுக்கக் கூடாது. கூலியையும் செடிக்கு எவ்வளவு என்று பார்க்காமல், இடத்துக்கும் வாரத்துக்கும் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்காதவர்கள் செடி நன்றாக வந்த ஆண்டிலும் கையைச் சுட்டுக்கொண்டதைக் கண்டிருக்கிறேன்.

கூலிக் கணக்கு

இங்கே நிலத்தைக் குண்டேயில்தான் பேசுவோம். 40 குண்டே சேர்ந்தால் ஒரு ஏக்கர். 10 குண்டே என்பது ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கட்டும் குடில் பெரும்பாலும் இந்த அளவுதான். நடைபாதை, தண்ணீர்த் தொட்டி, மருந்து கலக்கும் இடம் எல்லாம் போகச் செடி நிற்கக்கூடிய பரப்பு 700 சதுர மீட்டர் என்று வையுங்கள்.

இரண்டு ஆள் சம்பளம், மின்சாரம், உரம், மருந்து, கடன் வட்டி, குடிலின் தேய்மானம் அனைத்தும் சேர்த்து மாதச் செலவு 70,000 ரூபாய் என்று எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். உங்கள் தொகை வேறாக இருக்கும். போடும் முறை மாறாது. ஒரு மாதத்துக்குச் சராசரியாக 4.33 வாரம். 700ஐ அதனால் பெருக்கி, வரும் எண்ணால் 70,000ஐ வகுத்தால், ஒரு சதுர மீட்டர் இடத்தை ஒரு வாரம் நடத்த 23 ரூபாய் ஆகிறது. ஆனால் எந்தக் குடிலும் ஆண்டு முழுவதும் நிரம்பி நிற்காது. ஒரு தொகுப்பு போய் அடுத்தது வருவதற்குள் கழுவ வேண்டும், கிருமிநாசினி தெளிக்க வேண்டும், நாற்றுக்குக் காத்திருக்க வேண்டும். சராசரியாக 80 சதவீதம்தான் நிரம்பியிருக்கும் என்றால் அந்த 23 ரூபாய் 29 ஆகிவிடுகிறது.

இப்போது செடிக்கு வருவோம். ஆறு அங்குலத் தொட்டி. முதல் நான்கு வாரம் தொட்டியோடு தொட்டி ஒட்டி அடுக்கலாம். சதுர மீட்டருக்கு 44 நிற்கும். பிறகு இலையோடு இலை மோதத் தொடங்கும். அப்போது 25 சென்டிமீட்டர் இடைவெளிக்கு அகற்றி வைக்காவிட்டால் அடி இலை பழுத்து, தண்டு ஒல்லியாக மேலே ஓடிவிடும். அகற்றி வைத்தால் சதுர மீட்டருக்கு 16தான். அந்த நிலையில் எட்டு வாரம். ஆக, ஒரு செடி எடுத்துக்கொள்ளும் இடம், நான்கை 44ஆல் வகுத்ததும் எட்டை 16ஆல் வகுத்ததும் சேர்ந்தது: 0.59. அதை 29ஆல் பெருக்கினால் 17 ரூபாய். நூற்றுக்குப் பத்து செடி கழிந்துபோனால் மீதிச் செடி ஒவ்வொன்றும் 19 ரூபாயைச் சுமக்க வேண்டும். இதில் லாபம் என்று ஒரு பைசாவும் இல்லை, வெறும் அடக்கம்.

நர்சரிக்காரர் செடிக்கு 15 ரூபாய் என்கிறார். பத்தாயிரம் செடி, ஒன்றரை லட்சம் என்று மனம் உடனே கணக்குப் போட்டுவிடும். ஆனால் வளர்ந்த நிலையில் பத்தாயிரம் தொட்டிக்கு 625 சதுர மீட்டர் வேண்டும். உங்கள் குடில் கிட்டத்தட்ட முழுவதும் அதற்கே போய்விடும். பன்னிரண்டு வாரம் அந்தக் குடிலை நடத்த ஆகும் செலவு ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கும் மேல். செடியைக் கண்ணுக்குக் கண்ணாக வளர்த்துக் கொடுத்துவிட்டுக் கையிலிருந்து நாற்பதாயிரத்தையும் கொடுத்ததாக ஆகும். அதே நர்சரிக்காரர் நான்கு அங்குலத் தொட்டியில் ஆறு வாரச் செடிக்கு எட்டு ரூபாய் என்றால் அது நல்ல பேரமாக இருக்கலாம். விலையைக் கேட்டு மகிழவும் வேண்டாம், மலைக்கவும் வேண்டாம். எத்தனை வாரம், எந்த இடைவெளி என்று கேட்டு எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்து கணக்குப் போடுங்கள்.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. செடி தயாராகியும் லாரி வரவில்லை என்றால் ஒவ்வொரு செடியும் வாரத்துக்கு ஒன்றே முக்கால் ரூபாய்க்கு மேல் (29ஐ 16ஆல் வகுத்தது) தின்றுகொண்டு நிற்கிறது. மூன்று வாரம் தாமதித்தால் ஏறக்குறைய ஐந்தரை ரூபாய். அதனால் ஒப்பந்தத்தில் குறித்த தேதிக்குப் பின் ஒவ்வொரு வாரத்துக்கும் காத்திருப்புக் கட்டணம் இவ்வளவு என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். நான் எந்தப் பேச்சுவார்த்தையிலும் முதலில் கேட்பது இந்த வரியைத்தான். "அதெல்லாம் நம்பிக்கையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், அவர்களுக்கே எப்போது லாரி அனுப்புவோம் என்று தெரியாது என்று பொருள்.

நஷ்டம் யார் தலையில்?

விற்கிற கவலை போய்விடுவது உண்மைதான். அதற்குப் பதிலாக வேறு கவலைகள் வருகின்றன. செடி அவர்களுடையது, பொறுப்பு நம்முடையது என்பதுதான் இந்தத் தொழிலின் அமைப்பு. சட்டப்படி பார்த்தால், நாற்று நர்சரியின் உடைமையாகவே இருக்கும் என்று ஒப்பந்தம் சொல்லும்போது, அது ஒருவர் தன் பொருளை ஒரு வேலைக்காக இன்னொருவரிடம் ஒப்படைப்பதாகிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 148ஆம் பிரிவு முதல் இதைப் பேசுகிறது. சாதாரண அறிவுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 151ஆம் பிரிவு. அப்படிப் பார்த்துக்கொண்டும் நஷ்டம் வந்தால், தனியாக வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை, வளர்த்தவர் பொறுப்பல்ல என்கிறது 152ஆம் பிரிவு. அந்த "வேறு விதமாக" என்பது பல ஒப்பந்தங்களில் ஏழாவது எட்டாவது பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. பேச்சு கன்னடத்திலும் தமிழிலும் இனிமையாக நடக்கும். தாள் ஆங்கிலத்தில் வரும். வீட்டில் படித்த பிள்ளை இருந்தாலும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

170ஆம் பிரிவும் தெரிந்திருக்க வேண்டியது. உழைப்பையும் திறமையையும் செலுத்தி ஒரு பொருளை மேம்படுத்தியவர், கூலி வரும் வரை அந்தப் பொருளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம் என்பது அது கொடுக்கும் உரிமை. தங்க நகை செய்கிறவருக்கு இது பெரிய பலம். செடிக்காரனுக்கு அவ்வளவு இல்லை. பிடித்து வைத்த செடி வாரத்துக்கு வாரம் தொட்டியை மீறி வளரும், வேர் சுற்றிக்கொள்ளும், பூ உதிரும். ஒரு மாதத்தில் அது யாருக்கும் வேண்டாத சரக்காகிவிடும். அதனால் முழுப் பணத்தையும் கடைசி நாளுக்கு விடவே கூடாது. நாற்று இறங்கும்போது ஒரு பங்கு, இடைவெளி விட்டு அகற்றி வைக்கும்போது ஒரு பங்கு, லாரி ஏறும்போது மீதி என்று மூன்றாகப் பிரியுங்கள். லாரி ஏறும்போது வர வேண்டிய பங்கு மூன்றில் ஒன்றுக்கு மேல் போகாமல் இருக்கட்டும்.

2020இல் மத்திய அரசு கொண்டுவந்த ஒப்பந்த விவசாயச் சட்டம் காப்பாற்றுமா என்று சிலர் கேட்கிறார்கள். அது 2021இலேயே திரும்பப் பெறப்பட்டுவிட்டது. உங்களைக் காப்பது நீங்கள் எழுதிக்கொள்ளும் தாள்தான்.

தகராறு பெரும்பாலும் தரம் பிரிக்கும் இடத்தில்தான் வரும். சர்ஜாபுரா சாலையோரம் ஒரு குடிலில் நடந்ததைச் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்காகப் பாயின்செட்டியா வளர்க்கும் ஒப்பந்தம். அந்தச் செடியின் மேல் இலைகள் சிவக்க வேண்டுமானால் செப்டம்பர் கடைசியிலிருந்து நீண்ட, தடைபடாத இருட்டு ஒவ்வோர் இரவும் கிடைக்க வேண்டும். நவம்பர் பிற்பகுதியில் நான் போனபோது உள்பக்க வரிசைகள் எல்லாம் கொழுந்துவிட்டுச் சிவந்திருந்தன. சாலையை ஒட்டிய நான்கு வரிசை மட்டும் பச்சைப் பசேலென்று நின்றன. அந்த ஆண்டு மழைக்குப் பிறகு சாலையில் புதிதாக ஓர் எல்.இ.டி. விளக்குக் கம்பம் நட்டிருக்கிறார்கள். அதன் ஒளி பக்கவாட்டு வலை வழியாகச் சரியாக அந்த நான்கு வரிசையில் விழுந்திருக்கிறது. நர்சரி அந்தச் செடிகளைக் கழித்துவிட்டது. கழித்ததைக் குறை சொல்ல முடியாது. பச்சைப் பாயின்செட்டியாவை டிசம்பரில் யார் வாங்குவார்கள்? ஆனால் கழித்த செடியை வளர்த்தவர் வெளியே விற்கவும் கூடாது என்றார்கள். உடைமை அவர்களுடையது, ரகமும் அவர்களுடையது. எட்டு வாரத்துக்கு மேல் நின்ற இடத்துக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. ஒரு கறுப்புத் துணித் திரை போட்டிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம். அந்தப் பயிரின் இருட்டுத் தேவையை நாற்று இறக்கும் நாளில் நர்சரியின் தொழில்நுட்ப ஆள் சொல்லவே இல்லை. பயிர்க் குறிப்பு எழுத்தில் தரப்பட வேண்டும், அதில் இல்லாத காரணத்தால் வரும் கழிவு நர்சரியின் கணக்கு என்ற வாசகத்தை அன்றிலிருந்து எல்லோருக்கும் சொல்லிவருகிறேன்.

வரும் நாற்றோடு வரும் பூச்சியும் அப்படித்தான். தட்டு இறங்கிய அன்றே இலையின் அடிப்பக்கத்தையும் கணுக்களையும் கைக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மாவுப்பூச்சி பஞ்சு போலக் கணுவில் ஒட்டியிருக்கும்; இலைப்பேன் என்றால் வெள்ளிக் கோடு தெரியும். 48 மணி நேரத்துக்குள் படமெடுத்து அனுப்பினால் அது அவர்கள் பொறுப்பு, அதற்குப் பிறகு நம் பொறுப்பு என்று எழுதிக்கொள்ளலாம். ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரைச் சுற்றி ஆலங்கட்டி மழையும் சூறைக்காற்றும் வரும். குடில் கூரையின் 200 மைக்ரான் பிளாஸ்டிக் தாள் கிழிந்துபோகும். குடிலுக்கு எடுத்த காப்பீடு உள்ளே நிற்கும் செடியையும் தானாகக் காக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். செடி அவர்கள் உடைமை என்றால் அதற்கான காப்பீட்டையும் அவர்களே எடுக்கட்டும்.

தண்ணீர்

ஒப்பந்தமா சொந்தமா என்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். ஆனேக்கல், ஹொஸ்கோட்டே, மாலூர்ப் பகுதிகளில் ஆயிரம் அடிக்கும் கீழே போன ஆழ்துளைக் கிணறுகள் சாதாரணம். அவ்வளவு ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் உப்பும் பைகார்பனேட்டும் கூடுதலாக இருக்கும். தக்காளி அதைத் தாங்கிக்கொள்ளும். அலங்காரச் செடி தாங்கினாலும் நர்சரி தாங்காது. இலைமேல் தெளித்த நீர் காய்ந்ததும் வெள்ளைப் பொடி படியும். அக்லோனிமா, சிங்கோனியம் போன்ற இலைக்காகவே வாங்கும் செடிகளில் அது ஒன்றே கழிப்பதற்குப் போதுமான காரணம். லாரி வரும் காலையில் ஈரத் துணியால் இலை இலையாகத் துடைத்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு நாள் கூலி அதற்கே போனது.

தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டுத்தான் எந்தப் பேச்சையும் தொடங்க வேண்டும். பைகார்பனேட் கூடுதல் என்றால் பாஸ்பாரிக் அமிலமோ நைட்ரிக் அமிலமோ அளவாகச் சேர்த்துச் சரிக்கட்டலாம். உப்பே கூடுதல் என்றால் அமிலம் உதவாது; மழைநீர்தான் வழி. பெங்களூரில் ஆண்டுக்கு 950 மில்லிமீட்டருக்குக் குறையாமல் சராசரி மழை கிடைக்கிறது. 1,000 சதுர மீட்டர்க் கூரையில் அது ஒன்பதரை லட்சம் லிட்டர். முக்கால் பங்கைப் பிடித்தாலும் ஏழு லட்சம் லிட்டர் இருக்கும். நாளைக்கு மூவாயிரம் லிட்டர் என்றால் ஏழு மாதத்துக்கு மேல் வரும். பிளாஸ்டிக் தாள் விரித்த ஒரு கிருஷி ஹொண்டா (பண்ணைக் குட்டை) அதற்கு வேண்டும். அதற்கான இடத்தைக் குடில் கட்டும் முன்பே ஒதுக்குங்கள்.

சொந்தமாக வளர்த்து விற்றால்

இதில் வரும் பணம் கூடுதல். ஒப்பந்தத்தில் 19 ரூபாய் அடக்கமாகும் இடத்தில் சொந்தச் செடிக்கு நாற்று, தொட்டி, கோகோபீட் விலையும் சேரும். ஆனாலும் நல்ல செடி என்றால் மொத்த விலையிலேயே இரட்டிப்பு கிடைக்கும் வாய்ப்பு உண்டு. லால்பாக்கின் சித்தாபுரம் பக்கம் வரிசையாக இருக்கும் நர்சரிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கனவு இயல்பாகவே இருக்கும். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய அந்தத் தோட்டத்தைச் சுற்றித் தோட்டக்கலையே குலத்தொழிலாக வாழ்ந்தவர்கள் திகளர்கள். அவர்கள் முன்னோர் தமிழ்ப் பக்கமிருந்து வந்தவர்கள். செடி விற்பது இந்த ஊரில் நமக்கு அன்னியமான தொழில் அல்ல.

ஆனால் போட்டி சித்தாபுரத்தில் இல்லை. ஆந்திராவில் கோதாவரிக் கரையில் கடியம் என்ற ஊர் இருக்கிறது, ஊரே நர்சரி. வளமான வண்டல் மண், ஆற்றுத் தண்ணீர், தலைமுறை தலைமுறையாகப் பழகிய கைகள். அங்கிருந்து வரும் லாரி இறக்கும் விலைக்கு அரேகா பனையையோ குரோட்டன்ஸையோ ஆனேக்கலில் உங்களால் வளர்க்க முடியாது. முயலவும் வேண்டாம். பெங்களூருக்கு இயற்கை கொடுத்திருக்கும் பலம் வேறு. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருக்கும் ஊர் இது, இரவு குளிர்கிறது. பெட்டூனியா, தொட்டிச் செவ்வந்தி, ஜெரேனியம், பாயின்செட்டியா இங்கே வருவதுபோல் வெப்பமான சமவெளியில் வராது. சொந்தமாக விற்பதென்றால் இந்த வகைகளில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு அவற்றில் பெயர் வாங்குங்கள்.

இன்னொரு தொல்லை கடன். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் ஐ.டி. வளாகங்களுக்கும் தோட்டம் போடும் கான்ட்ராக்டர்கள் நல்ல வாடிக்கையாளர்கள்தான். ஆனால் அவர்களுக்குக் கட்டடக்காரர் கொடுத்தால்தான் நமக்கு வரும். இரண்டு மூன்று மாதம் இழுப்பது வழக்கம். கையில் ஆறு மாதச் செலவுக்கான பணம் இல்லாமல் முழுக் குடிலையும் சொந்தச் சரக்கால் நிரப்புவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். தங்கிப்போகும் செடி வேறு இருக்கிறது. ஒப்பந்தத்தில் தங்கும் செடி அவர்கள் பணம். இங்கே அது முழுக்க உங்கள் பணம்.

காய்கறி நாற்று என்ற நடுவழி

பலர் இதை மறந்துவிடுகிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த வழி. மாலூர், கோலார், சிந்தாமணி, ஒசூர் என்று நாலாபக்கமும் தக்காளி, குடைமிளகாய், முட்டைக்கோஸ், பூக்கோஸ் போடும் விவசாயிகள் இருக்கிறார்கள். 98 குழித் தட்டில் கோகோபீட் நிரப்பி விதைத்தால் தக்காளி நாற்று 25 முதல் 30 நாளில் கைமாறிவிடும். பணம் பெரும்பாலும் முன்பாதி, பின்பாதி என்று கையோடு வரும். விதையை விவசாயியே கொண்டுவந்து கொடுத்து வளர்த்துத் தரச் சொல்வதும் உண்டு. பார்க்கப்போனால் அதுவும் ஒப்பந்த வளர்ப்புதான். எதிரில் நிற்பவர் நிறுவனமாக இல்லாமல் பக்கத்து ஊர்க்காரராக இருக்கிறார், அவ்வளவுதான்.

நான்கு வாரத்தில் இடம் காலியாகிவிடுவதால் சதுர மீட்டர் கணக்கில் இது பெரும்பாலும் ஒப்பந்த அலங்காரச் செடியை வெல்லும். குறை என்னவென்றால் ஆண்டு முழுவதும் ஒரே சீராக வராது. தக்காளி விலை விழுந்த மாதத்தில் முன்பாதி கொடுத்தவர்கூட நாற்று எடுக்க வரமாட்டார். நாற்றழுகல் நோய் ஒரே இரவில் தட்டுத் தட்டாகச் சாய்த்துவிடும். ஒருவருடைய வயலில் காய் சரியாகப் பிடிக்காவிட்டால் விதையைவிட நாற்று விட்டவர் மேல்தான் முதலில் கோபம் வரும். ஊர்ப் பேர் கெட்டால் திரும்ப எழ இரண்டு பருவம் ஆகும். ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் கோகோபீட்டைப் பதப்படுத்தும் முறையையும் நுண்ணுயிர்க் கலவையையும் தருகிறது. நாற்று விட நினைப்பவர்கள் ஒரு முறையாவது அங்கே போய்ப் பயிற்சி எடுத்துக்கொள்வது நல்லது.

திசு வளர்ப்புக் கூடங்களுக்கு வாழை, ஜெர்பெரா கன்றுகளை வெளிச்சூழலுக்குப் பழக்கிப் பதப்படுத்திக் கொடுப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த வேலைதான். குடுவையிலிருந்து வெளியே வந்த கன்று முதல் சில வாரம் ஈரப்பதம் குறைந்தால் துவண்டுவிடும். பனித்தெளிப்பு அமைப்பும் இடைவிடாத மின்சாரமும் வேண்டும். பம்பு செட்டுக்கு வரும் மும்முனை மின்சாரத்தை மட்டும் நம்பி இதில் இறங்கக் கூடாது.

கொய்மலரையும் குத்தகையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரோஜாவுக்கும் ஜெர்பெராவுக்கும் ஹெப்பாளில் ஏல மையம் இருக்கிறது. விற்க இடம் உண்டு. ஆனால் 10 குண்டேயில் அதை லாபமாக நடத்துவது கடினம், குளிர்பதன அறையும் தினசரி வண்டியும் பெரிய பரப்புக்குத்தான் கட்டுப்படியாகும். குடிலைக் கட்டி நர்சரிக்கே குத்தகைக்கு விட்டுவிடலாம் என்பவர்கள், 1961ஆம் ஆண்டின் கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவு விவசாய நிலத்தைக் குத்தகைக்கு விடுவதைத் தடை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு விவசாயி அல்லாதவரும் நிலம் வாங்க முடிகிறது. குத்தகைத் தடை அதனால் போய்விடவில்லை. வாய்ப்பேச்சில் விட்டுவிட்டு, பிறகு நிலத்தை மீட்க நடையாய் நடப்பவர்கள் இருக்கிறார்கள்.

மானியமும் வரியும்

ஒருங்கிணைந்த தோட்டக்கலை மேம்பாட்டு இயக்கத்தின் கீழ் பசுமைக்குடிலுக்கு 50 சதவீத மானியம் உண்டு. அந்தப் பாதி, அரசு நிர்ணயித்த சதுர மீட்டர் செலவில் பாதி. கட்டுகிறவர் உங்களிடம் கேட்கும் தொகையில் பாதி அல்ல. அதுவும் பெரும்பாலும் கட்டி முடித்து அதிகாரிகள் பார்வையிட்ட பிறகுதான் கைக்கு வரும். அதனால் முழுச் செலவையும் முதலில் போடக்கூடிய வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். பஹணி (நில உரிமைப் பதிவு ஆவணம்) உங்கள் பெயரில் இருக்க வேண்டும். அண்ணன் தம்பி கூட்டுப் பெயரில் இருந்தால் சம்மதக் கடிதம் கேட்பார்கள். பரப்பு வரம்பும் செலவு அளவும் அவ்வப்போது மாறுகின்றன. வட்டத் தோட்டக்கலை அலுவலகத்தில் நடப்பு ஆண்டின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். மானியம் முழுதாக வந்துவிடும் என்று வைத்துக்கொண்டு நர்சரியோடு கூலி பேசியவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள்.

நர்சரியில் வளர்த்த நாற்று, கன்றுகளால் வரும் வருமானம் விவசாய வருமானமாகவே கருதப்படும் என்று 2008ஆம் ஆண்டு நிதிச் சட்டம் விளக்கம் சேர்த்தது. சொந்தமாக வளர்த்து விற்பவருக்கு இது பெரிய ஆறுதல். ஒப்பந்தத்தில் வாங்குவது பிறர் செடியை வளர்த்ததற்கான கூலி. அதை எந்தத் தலைப்பில் எடுத்துக்கொள்வது என்பது தாளின் வாசகத்தைப் பொறுத்தது. கையெழுத்துக்கு முன்பே ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

யாருக்கு எது?

நகரத்தில் குடியிருந்துகொண்டு சனி ஞாயிறு மட்டும் தோட்டத்துக்கு வரப்போகிறவர் இவற்றில் எதையும் தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மார்ச் மாதத்து மதியம் இரண்டு மணிக்கு பம்பு நின்றுபோனால் நாலு மணிக்குள் நாற்று கருகிவிடும். அந்த நேரத்தில் பக்கத்தில் பொறுப்பான ஒருவர் இருக்க வேண்டும்.

தங்கியிருக்கும் குடும்பம், கையில் முதல் குறைவு, சந்தை தெரியாது என்றால் ஒப்பந்தத்தில் தொடங்கலாம். இடத்தில் பாதி, மிஞ்சிப்போனால் மூன்றில் இரண்டு பங்கு. முதல் தொகுப்பு குறுகிய காலச் செடியாக, சிறிய தொட்டியாக இருக்கட்டும். நர்சரிக்காரர் கற்றுத்தரும் ஒழுங்கு மிகவும் மதிப்புள்ளது. எந்த வாரம் கிள்ளிவிட வேண்டும், எந்த வாரம் உரத்தைக் கூட்ட வேண்டும் என்று எழுதிவைத்து வளர்க்கும் பழக்கம் வேறு எங்கும் இவ்வளவு சீக்கிரம் வராது. அதற்காக மட்டுமே ஓராண்டு ஒப்பந்தத்தில் இருந்தாலும் நல்லதுதான். மீதி இடத்தில் காய்கறி நாற்று. இரண்டாம் ஆண்டில் பெட்டூனியாவோ செவ்வந்தியோ சொந்தமாகக் கொஞ்சம் வைத்து, தோட்டக் கான்ட்ராக்டர்களிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நர்சரியின் ரகத்தையே சொந்தமாகப் பெருக்கி விற்கும் ஆசை மட்டும் வேண்டாம். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தில் பதிவான ரகமாக இருந்தால் வழக்கே வரும். இல்லாவிட்டாலும் ஒப்பந்தம் போய்விடும்.

விற்பனையில் பழகியவர், கடன் கொடுத்து வசூலிக்கத் தெரிந்தவர், ஆறு மாதச் செலவைத் தாங்கக்கூடியவர் என்றால் சொந்தச் சரக்கே சரி. அவருக்கு ஒப்பந்தம் கைவிலங்காகத்தான் தோன்றும்.

எந்த நர்சரியோடு பேசினாலும், அவர்களுக்கு இப்போது வளர்த்துக் கொடுக்கும் இரண்டு பேரின் தோட்டத்துக்கு நேரில் போங்கள். நர்சரிக்காரர் கூட்டிக்கொண்டு போகும் தோட்டம் ஒன்று, நீங்களாக விசாரித்துக் கண்டுபிடித்தது ஒன்று. அங்கே செடியைப் பார்ப்பதோடு நிற்காமல், "அண்ணா, போன தொகுப்புக்கு லாரி எந்தத் தேதியில் வருவதாகச் சொன்னார்கள், எந்தத் தேதியில் வந்தது, கடைசிப் பங்கு எப்போது கைக்கு வந்தது?" என்று கேளுங்கள். பெரும்பாலோர் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். இரண்டு தோட்டத்திலும் பதில் ஒத்துப்போனால் தண்ணீர்ச் சோதனை அறிக்கையையும் சதுர மீட்டர் கணக்கையும் எடுத்துக்கொண்டு பேச உட்காரலாம்.